மூன்றாவது ட்வீட்டர்

காஸ்பர் சர்ச்சில் பூசை முடிந்து வந்து கறிச்சோற்றில் கை வைத்த நேரத்தில் திருமாலிடமிருந்து போன். நேற்று மாட்டிய ட்வீட்டரும் தண்டம், உடனே வா என்று ஒரே சத்தம். ரேடியோ மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

பாட்டுக் கேட்கும் செட்டுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். மகள் பிரபா பிறந்த வருஷம் விருத்தாசலம் கடைவீதியில் சொல்லிச் செய்த ஆம்ப்ளிஃபயர், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். இரண்டு வருஷமாகப் பஜனைப் பாட்டில் ஜால்ரா சத்தமே காணவில்லை என்பது அவருடைய புகார். ஸ்பீக்கரை மாற்றியாயிற்று. உள்ளே இருக்கும் போர்டை மாற்றியாயிற்று. கீச்சென்ற ஒலிகளுக்காகவே பெட்டியின் மேல்பக்கம் இருக்கும் சின்ன ட்வீட்டரை மூன்று தடவை மாற்றியாயிற்று. செட் நன்றாக இருக்கிறது, இதற்கு மேல் செய்வதெல்லாம் வீண் என்று காஸ்பர் சொன்னால், உனக்குத் தொழில் தெரியவில்லை என்று எகிறுவார்.

செட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த பிரபாவோடும் சண்டை. போனில் வாய்க்குள்ளேயே முனகுகிறாள், அப்பனிடம் பேசப் பிடிக்கவில்லை என்று சித்திரையில் ஒருநாள் கண்டபடி திட்டி, இனிமேல் எனக்குப் போன் போடாதே என்று சொல்லிவிட்டார். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே, போடவில்லை. ஆறு மாதம் ஓடிவிட்டது. வெளியே வீறாப்பு, உள்ளே பெண்ணின் குரலுக்கு ஏங்கிக்கொண்டு கிடந்தார்.

அவர் காதைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. பீங்கான் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் பால்மில் என்ற அரவை மெஷினை ஓட்டியவர். கல்லையும் மண்ணையும் போட்டு அரைக்கும் அந்தப் பெரிய இரும்பு உருளை சுற்றும்போது, பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். இவர் மாட்டார். உள்ளே உருளும் கூழாங்கற்களின் சத்தம் மாறுவதை வைத்தே கலவை பதமாகிவிட்டது என்று சொல்லிவிடுவார். பஞ்சு வைத்தால் அது பிடிபடாது. திருமால் காது இருக்கும்போது எனக்கு வேறு மெஷின் எதற்கு என்று முதலாளி பத்துப் பேர் நடுவில் சொன்னதும் மனுஷன் குளிர்ந்துபோய்விட்டார். வாய் நிறையப் புகழ்ந்த அந்தப் புண்ணியவான் காதை மூட ஒன்றும் வாங்கித் தரவில்லை, உருளைக்குப் பக்கத்தில் நின்று கேட்கச் சொல்லவும் தயங்கவில்லை.

காஸ்பர் வந்தான். பெட்டியைக் கழற்றி, பெரிய ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ட்வீட்டரில் மட்டும் பாட்டைப் போட்டான். சமையற்கட்டிலிருந்து திருமாலின் மனைவி பூங்கோதை முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றார் திருமால்.

"நிறுத்தலைங்க. ஓடிக்கிட்டுதான் இருக்குது."

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு நாடகம் போடுகிறீர்களா என்று கத்தினார். குனிந்து ட்வீட்டரோடு காதை ஒட்ட வைத்தார். ஒன்றுமில்லை. நிமிர்ந்து பூங்கோதையைப் பார்த்தார். சத்தம் பொறுக்காமல் அவள் முகம் சுருங்கிக் கிடந்தது. அந்த முகம் பொய் சொல்லவில்லை.

காஸ்பர் பாட்டை நிறுத்தி, பெட்டியை மூடி, தலை குனிந்தபடி போய்விட்டான். திருமாலுக்கு எதையாவது உடைக்க வேண்டும்போல இருந்தது. கையில் கிடைத்தவள் பூங்கோதைதான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா? ஏன்டி சொல்லலை?"

ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று வாயெடுத்ததற்குச் சோற்றுத்தட்டு பறந்ததை அவள் எப்படி மறப்பாள்? இத்தனை நாள் அடக்கியதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"சொன்னதுக்குத்தான தட்டு பறந்துச்சி. காஸ்பரைத் திட்டினீங்க, என்னைத் திட்டினீங்க, பெத்த பொண்ணைத் திட்டி வெரட்டினீங்க. காதைத் தின்னவனை ஒரு நாளாவது திட்டினீங்களா?"

அவர் முதலாளியின் பேரைச் சொல்லி வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினார். அந்தப் புகழ்ச்சிக்குப் பல்லிளித்த தன்னையும் சேர்த்துத் திட்டினார். ஓய்ந்த பிறகு போனை எடுத்து அவராகவே பிரபாவின் நம்பரை அழுத்தினார்.

"பிரபா, அப்பாவுக்குக் காது போயிடுச்சிம்மா. நீ முனகலை. எம்மேலதான் தப்பு."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. போனை இன்னும் அழுத்திப் பிடித்துக் காத்திருந்தார். அப்பன் இவ்வளவு இறங்கி வந்தும் இந்தத் திமிரா என்று கோபம் சுர்ரென்று ஏறியது.

"பாத்தியா, வெச்சிட்டா."

பூங்கோதை போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். 

"வெக்கலைங்க," என்று அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "அழுவுறா."