மூட்டையின் அடிப்பக்கம்

"இறக்காதீங்க, திருப்பி எடுத்துட்டுப் போங்க!" என்று வாசலில் கையை விரித்து மறித்தான் மகன். வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்ட லாரி டிரைவர் முன்னே வரவும் முடியாமல், பின்னே போகவும் முடியாமல் நின்றார். உள்ளே கூடத்தில், குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், அந்த மூட்டையை வரவழைத்தவள் படுத்திருந்தாள்.

மண்டியில் மூட்டையாக வாங்கி நாலு வீட்டுக்குப் பிரித்துக்கொள்வது அவள் கண்ட வழி. முக்குக்கடை விலையில் பாதிக்குச் சற்று மேலே ஆகும், அவ்வளவுதான். வியாழக்கிழமை மண்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். சனிக்கிழமை விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டாள். மூட்டைக்கு அது தெரியுமா? சொன்ன நாளில் வந்து நின்றது.

அவள் கணவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். பேரம் என்றாலே அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவள் விலை கேட்கும்போதெல்லாம் நாலு கடை தள்ளிப் போய், வேறு யாருடைய புருஷனோ போல நிற்பார்.

"யோசிச்சுக்குங்க சார்," என்றார் டிரைவர், மூட்டையோடு. "முதலாளி அந்தம்மா முகத்துக்காகத்தான் இந்த விலைக்குக் குடுத்தாரு. ஒரு தடவை திரும்பிப் போச்சுன்னா அதோட முடிஞ்சுது. இனிமே உங்களுக்குச் சில்லறை விலைதான்."

"முடியட்டும்," என்றான் மகன். "இவ்வளவு பேர் வந்திருக்காங்க, வாசல்ல வெங்காய மூட்டையா? அப்பாவுக்கு வேணுங்கிறதை நான் கடையிலேருந்து வீட்டுக்கே வரவழைச்சிடுவேன்."

"நாலு வீட்டுக்கும் வரவழைப்பியா?"

கேட்டது தாம்தானா என்று நாற்காலியில் இருந்த அவருக்கே சந்தேகம். அந்த நாலு வீட்டில் ஒருத்தியான தையல்காரர் மனைவி, அழுகைக்கு நடுவே மூட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதை அவர் கவனித்திருந்தார். அந்தப் பார்வைதான் அவரை எழுப்பிவிட்டது.

"இறக்குப்பா."

"டேய் தம்பி," என்று உள்ளேயிருந்து அவருடைய அக்கா ஓடிவந்தாள். "பொணத்தை வச்சுக்கிட்டு வெங்காயம் பிரிப்பாங்களாடா? ஊரு சிரிக்கும்."

"எச்சில் கையால காக்கா ஓட்டாதவன்னு அவளை வாழ்நாள் பூரா சொன்னியேக்கா. இன்னிக்கு மட்டும் வள்ளல் வேஷம் போட்டா அனுப்பணும்? அவ எப்படி இருந்தாளோ அப்படியே போகட்டும்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

மூட்டை இறங்கியது. டிரைவர் வாய்த் தையலைப் பிரிக்கக் குனிந்தார். கணவர் அவரைத் தடுத்து, மூட்டையைத் தலைகீழாகப் புரட்டினார். வாய்ப்பக்கம் மண்டிக்காரன் சிரிப்பு, அடிப்பக்கம்தான் அவன் மனசு என்று அவள் சொல்லுவாள். அடித் தையலை அறுத்ததும் சரசரவென்று கொட்டியது. கூடவே ஒரு நாற்றம். ஈரம் பட்டு அழுகியவை இரண்டு கை நிறையத் தேறின.

"இதுக்கு விலையைக் குறை," என்றார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இழவு வீட்டுல பேரம் பேசுறீங்களே சார்!"

"இழவு வீட்டுக்கு அழுகினதைக் கொண்டு வரலாமா?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டிரைவர் முதலாளிக்கு போன் போட்டு, தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "சரியாம். அடுத்த மூட்டைக்கு யார் வந்து சொல்லுவாங்கன்னு கேக்குறாரு."

"நான்தான். வேற யாரு?"

மகன் அவரை ஊமை திடீரென்று பேசியதுபோலப் பார்த்தான்.

தரையில் உட்கார்ந்து நாலு குவியலாகப் பிரித்தார். கை பழகவில்லை. ஒன்று பெருத்தும் ஒன்று இளைத்தும் போயின. பிரிக்கிறவர்கள் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். தெருமுனையில் பிண வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"அப்பா, வண்டி வந்தாச்சு."

"நிக்கச் சொல்லு."

தையல்காரர் மனைவி மெதுவாக வந்து, இருப்பதிலேயே இளைத்த குவியலின் முன் குனிந்தாள். பங்குக்கு வந்த மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் பெருத்ததை விட்டுவிட்டு நடுத்தரமானவற்றின் பக்கம் ஒதுங்கினார்கள்.

"ஏம்மா, என்ன இது?" என்று சீறினார். "எனக்குத் தர்மம் பண்றீங்களா? அவ இருந்தா இப்படித்தான் எடுப்பீங்களா? போன மாசம் பெருசுக்கு நீங்க போட்ட சண்டை தெருவுக்கே கேட்டுதே. பெருசை எடும்மா!"

தையல்காரர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இது எனக்குத்தான். யாரும் கை வைக்கக்கூடாது," என்றாள், பெரிய குவியலை முறத்தில் அள்ளிக்கொண்டே. பின்னால் நின்றவள் உடனே, "ஆமா, எப்பவும் இவளுக்குத்தான் பெருசு!" என்றாள்.

கடைசியில் இளைத்தது மிஞ்சியது. அதை அவர் ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

தெருவில் வண்டியின் என்ஜின் அணைந்தது. வாசலில் கிடந்த வெங்காயச் சருகுகளைக் காற்று கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனது. மெல்லிய சிவப்புத் தோல் ஒன்று கண்ணாடிப் பெட்டியின் ஈரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அக்கா அவசரமாக அதைத் துடைக்கக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா," என்றார்.