வெட்டாமல் விட்ட பெல்ட்

காலை ஒன்பதரைக்கு ஸ்டோரில் எல்லாக் கொக்கிகளும் காலியாக இருந்தன, பதினாலாம் நம்பரைத் தவிர. அதில் புது பாதுகாப்பு பெல்ட் அப்படியே தொங்கியது. அது என் தம்பியுடையது. அவனோ ஒன்பதாவது மாடிச் சாரத்துக்கு ஏறி அரைமணி நேரம் ஆகிவிட்டதாக கேட் நோட்டில் எழுதியிருந்தார்கள்.

உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு பெல்ட் எடுத்துக்கொடுப்பது என் வேலை. விதிக்குப் பயப்படாதவன்கூட என் வாய்க்குப் பயந்து வாங்கிப் போட்டுக்கொள்வான். பெல்ட் இல்லாத ஆளை கேட்டில் விடவும் மாட்டார்கள். அப்படியானால் தம்பி வேறு ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். எதை என்று யோசித்ததும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய பெல்ட்தான் நினைவுக்கு வந்தது.

பத்து நாளைக்கு முன்பு என் வீட்டுக்காரர் ஆறாவது மாடியில் சுவருக்கு பெயின்ட் அடிக்கும்போது கால் வழுக்கி விழுந்தார். பெல்ட் அவரை அந்தரத்தில் பிடித்து நிறுத்தியது. இறக்கிவிட்டதும், "பெயின்ட் டப்பா என்னாச்சு?" என்று கேட்ட மனுஷன் அவர்.

ஒரு ஆளைத் தாங்கிய பெல்ட்டை அன்றைக்கே வெட்டிப் போட்டுவிட வேண்டும். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்ளே இழையெல்லாம் விட்டுப்போயிருக்கும். அடுத்த முறை தாங்காது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிற நான் என்ன செய்தேன்? அவர் "என் உயிரக் காப்பாத்துனத வெட்டாதடி" என்று கெஞ்சினார். நோட்டில் வெட்டியாச்சு என்று எழுதிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கயிற்றில் கொக்கி சேருகிற இடத்தில் தையல் பிரிந்து தொங்கியது. ஆணியில் மாட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நீல நூலை எடுத்து நானே பன்னிரண்டு தையல் போட்டேன். என் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ.

கீழே பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த அவரிடம் ஓடினேன்.

"ஏங்க, வீட்டு ஆணியில இருந்த பெல்ட் எங்க?"

"உன் தம்பிக்குத்தான் குடுத்தேன். மொத தடவ வெளிச்சுவருன்னு ராத்திரியெல்லாம் தூங்கலயாம். என்னையே காப்பாத்துன ராசியான பெல்ட்டு. நீதான் நல்லா தச்சு வேற வச்சிருந்தியே."

"அது ஆணியில தொங்குறதுக்குத் தச்சதுங்க."

கலக்கிக்கொண்டிருந்த கம்பு அவர் கையில் நின்றுபோனது.

தம்பியின் போன் என் மேஜை டிராயரில் கிடந்தது. போனோடு யாரும் மேலே போகக் கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான். லிப்டில் சிமென்ட் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது மாடியையும் படியில் ஏறினேன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் என்னைப் பார்த்தால் அத்தை என்று மடியைவிட்டு இறங்க மாட்டாள். ஒவ்வொரு மாடியிலும் அவள் முகம்தான் வந்தது.

ஜன்னல் வைக்காத திறப்புக்கு வெளியே, சாரத்துப் பலகையில் அவன் நின்றான். இடது கை குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது, வலது கையில் பிரஷ். அவன் பயம் அதுவரை அவனைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கு மேல் குழாயில் மாட்டியிருந்த கொக்கியருகே நீல நூல் தெரிந்தது.

கத்தினால் திடுக்கிடுவான். மூச்சை அடக்கி, "தம்பி" என்றேன்.

"என்னக்கா, படியிலயா வந்த? இப்பிடி எறைக்குது."

"பிடிச்ச கைய விடாம மெதுவா உள்ள வா."

"நீ இன்னும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னே நெனைக்கிற." சிரித்தான். "பயமெல்லாம் போயிருச்சுக்கா. மாமா சொன்ன மாதிரி மூணு தடவ சாஞ்சு பாத்துட்டேன், அசையவே இல்ல. நீயே பாரு."

"வேணாம்டா, நான் சொல்றதக் கேளு."

குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தான். கயிறு இழுபட்டு நீல நூல் நன்றாகத் தெரிந்தது. பன்னிரண்டு தையலில் எட்டுதான் மிச்சம் இருந்தது.

திறப்பைத் தாண்டிப் பலகையில் கால் வைத்தேன். துணி கிழிகிற மாதிரிச் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. ஏழு.

"அக்கா, நீ ஏன் பெல்ட் போடாம வர்ற?" என்றான்.