கைக்கு அமைந்த கத்தி

வடக்கே அழகர்மலை நீலப் போர்வை போர்த்துக் கிடக்க, தெற்கே வையை தன் அகன்ற மணற்படுகையில் நீர்க்கோடு ஒன்றை மட்டும் மெலிந்த மங்கையின் அரைஞாண் போல் அணிந்து துயில, நடுவே பரந்த மதுரைப் பெருவெளியின்மீது மாலைக் கதிரவன் தன் பொன்னையெல்லாம் வாரி இறைத்துவிட்டு வறியவனாய் மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தான். நகரத்துக் கோபுரங்கள் புகையிலும் ஒளியிலும் மிதந்தன. ஆனையூர் செல்லும் மண்சாலையில் வண்டிகள் எழுப்பிய புழுதி அடங்காமல் நின்றது. இரண்டாம் உலகப்போர் மூள்வதற்கு மூன்றாண்டு முந்திய மாசித் திங்களில் அப்புழுதியைக் கிழித்துக்கொண்டு, தோளில் வெள்ளைத் துண்டும் நெஞ்சில் ஆறாத ஒரு வேட்கையுமாக நடந்துசென்ற சௌந்தரராஜன் என்னும் நெசவாளனையே, நல்லீர், நாம் பின்தொடரப் போகின்றோம்.

அவன் சென்ற இடம் கருத்தக்கண்ணன் என்னும் கொல்லனின் உலைக்களம். அக்கொல்லன் ஆண்டுக்கு மூன்று கத்திகளே செய்பவன். இரும்பை மடித்தும் அடித்தும், மீண்டும் மடித்தும், அலகின்மேல் ஆற்றுநீர் ஓடுவது போன்ற வரிகளை எழுப்பி, மான்கொம்பில் பிடி செதுக்கி அவன் முடிக்கும் கத்தி ஒன்றின் விலைக்கு இருபோகம் விளையும் வயலையே வாங்கிவிடலாம். வாங்குவோர் பெருநிலக்கிழாரும் வேட்டைக்கு வரும் வெள்ளையருமே. வாங்குபவர் முதலில் வந்து, இளஞ்சூடான தேன்மெழுகில் தம் கையை அழுத்திப் பதிக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அப்பதிவைக் கண்டே பிடி செதுக்கப்படுமாதலால், ஒருவர் கைக்கு அமைந்தது பிறர் கைக்கு அமையாது. திங்கள்தோறும் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில், வாங்க வகையில்லாமலும் காணாதிருக்க வலியில்லாமலும் தவிக்கும் சிலருக்குக் கொல்லன் தன் பேழையைத் திறந்து காட்டுவான். காணலாம், தொடலாகாது.

அவ்வாறு கூடுவோர் மூவர். புன்செய் உழவன் முத்திருளன் ஒருவன், துணிவணிகன் ஹரிராம் மற்றொருவன், சௌந்தரராஜன் மூன்றாமவன். தறிக்குழியில் இருபதாண்டு குனிந்த அவன், ஊண் குறைத்து ஏழு சிறு கத்திகளைச் சேர்த்திருந்தான். பாளை சீவும் கத்தியும் ஓலை நறுக்கும் கத்தியும் தந்தப்பிடி மடக்குக் கத்தியுமாக அவை அவன் வீட்டு மாடத்தில் எண்ணெய் பூசப்பெற்று உறங்கின. அவற்றை அவன் விரும்பினான், ஆயினும் அந்த ஞாயிறுதோறும் வீடு திரும்பி அவற்றைக் காணுங்கால், பேரழகியைக் கண்டு மீண்டவன் தன் மனையாளை நோக்கும் கண்ணால் நோக்கினான், நோக்கியபின் நாணினான்.

அன்று மாலை கொல்லன் அவன் கைகளை நெடுநேரம் உற்றுப் பார்த்தான். பின் மெழுகுத் தட்டை முன்னே நகர்த்தினான்.

"அண்ணே, வலக்கையை இதுல அமுக்கிப் பிடிங்க."

"என் கையவா?"

"ஒங்க கையத்தான். அசையாம."

சௌந்தரராஜன் கை பதித்தான். மெழுகின் வெம்மை விரலிடுக்குகளில் ஏறி, தோள் கடந்து, நெஞ்சில் போய் நின்றது. கை கழுவக் கிணற்றடிக்கு அவன் சென்றபோது கால்கள் நிலத்தில் பாவவில்லை.

அவன் அகன்றதும் கொல்லன் மற்றிருவரிடமும் சொன்னான்: "வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையாரு. முடக்கு வந்து விரல் மடங்காது. நல்ல கையாப் பாத்து அளவெடுன்னாரு. இது நெசவுக் கை, நீட்ட விரலு. அதான்."

முத்திருளன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினான். "சொல்லிப்புடாதீகண்ணே! அவரு மூஞ்சியப் பாத்தீகளா? கத்தி தனக்குத்தான்னு நெனைச்சுக்கிட்டாரு!"

"எனக்கென்ன," என்று கொல்லன் உலைக்குத் திரும்பினான். "கேட்டாச் சொல்றேன்."

சௌந்தரராஜன் கேட்கவில்லை. கேட்பது கொடையாளியை ஐயுறுவதாகும் என்று எண்ணினான். இருபதாண்டுக் காதலைக் கண்டு கொல்லன் மனமிரங்கி ஈகின்றான். அவ்வீகையை வாய்ச்சொல்லால் தீண்டி மாசுபடுத்துவதா? இங்ஙனம் அவன் தன் நம்பிக்கைக்குப் பணிவு என்று பெயர் சூட்டி வளர்த்தான்.

"மாப்ள, கத்தி வந்துட்டா எங்க மொகமெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்பான் முத்திருளன்.

"அம்புட்டு நன்றி கெட்டவனா நானு?" என்று உருகிய சௌந்தரராஜன், மறுமுறை வரும்போது பாளைக் கத்தியைக் கொணர்ந்து அவன் மடியில் வைத்தான். அடுத்து ஹரிராமுக்கு ஓலைக் கத்தி. செல்வனாகப் போகின்றவன் சிறு உடைமைகளைப் பற்றிக்கொண்டிருத்தல் தகாது என்னும் இன்பம் அவனை ஆட்கொண்டது. வீட்டில் மனைவி நாகமணி தமிழல்லாத தம் இல்லமொழியில் வினவினாள்: "எல்லாவற்றையும் ஈந்துவிட்டு, நாளை அது வாராதொழிந்தால்?" அவன் நகைத்தான்: "கையை வாங்கிக்கொண்டவர் கத்தியைத் தாராதிருப்பரோ?"

முதற்பரிசைப் பெற்ற இரவில் முத்திருளனுக்கு உறக்கம் வரவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றே அவன் துணிந்தான். ஆனால் சொன்னால் கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டாவது கத்தி வந்தபின் சொல்வது இன்னும் அரிதாயிற்று. இரக்கம் ஒவ்வொரு பரிசின் எடையாலும் நெஞ்சின் அடியில் ஆழ, ஏழாவதான தந்தப்பிடிக் கத்தி ஹரிராமின் இடுப்பில் ஏறிய நாளில், அவ்விருவரும் ஏமாந்தவனையே வெறுக்கத் தொடங்கியிருந்தனர். தாம் செய்த தீங்கிற்குத் தீங்குற்றவனையே குற்றவாளியாக்குவது மனித உள்ளத்தின் பழைய தொழில்.

புரட்டாசியில் கத்தி முடிந்தது. அதைப் பொதிந்து செல்ல சௌந்தரராஜன் தன் தறியில் தானே நெய்த அரக்குநிறப் பட்டுத்துண்டுடன் வந்தான். பேழை திறந்தது. கொல்லன் தடுக்குமுன் அவன் கையை நீட்டிப் பிடியைப் பற்றினான். அன்னை கைக்குள் மகவின் கை அடங்குவது போல் அது அடங்கியது. விரல்களின் ஒவ்வொரு வளைவுக்கும் அங்கே ஓர் இருக்கை இருந்தது. அவன் கண்கள் நிறைந்தன.

வாயிலில் மோட்டார் வண்டி வந்து நின்றது. பருத்த பண்ணையார் கோலூன்றி இறங்கினார்.

"அண்ணே, கொடுங்க. ஐயா பாக்கணும்," என்றான் கொல்லன்.

"எந்த ஐயா?"

"கத்திக்கு உடையவுக."

முத்திருளன் அடக்கிவைத்திருந்த நகைப்பு வெடித்தது. "ஏழு மாசமாக் கேக்காம விட்டீகளே மாப்ள! ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பாருல்ல?" ஹரிராம் நகைக்கவில்லை, தந்தப்பிடி தெரியாவண்ணம் துண்டை இழுத்து இடுப்பை மறைத்தான்.

பண்ணையார் கத்தியை வாங்கினார். மடங்காத விரல்களினின்று அது நழுவிப் பாயில் வீழ்ந்தது. அவர் சினக்கவில்லை. சௌந்தரராஜனின் கையைப் பற்றிப் புரட்டி, மாட்டின் பல்லைப் பார்ப்பவர் போல் பார்த்தார்.

"இதுதான் அந்தக் கையா? நல்லாத்தான் இருக்கு. கொலு ஒன்பது ராத்திரிக்கும் நம்ம வீட்டுக்குப் பெரிய மனுசங்க வருவாக. கத்தியப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஆளு வேணும். வாரியா?"

மறுத்துத் திரும்பியிருந்தால் அவனுக்கு எஞ்சியிருந்த ஒன்று எஞ்சியிருக்கும். அவன் உள்ளத்தில் மானம் எழுந்து நின்றது. நின்று, அவன் வலக்கையை நோக்கியது. அக்கை இன்னும் பிடியின் வடிவிலேயே வளைந்திருந்தது.

"எத்தனை மணிக்கு வரணும் ஐயா?" என்றான். பின் பட்டை விரித்து, கத்தியை அதிற் பொதிந்து, தானே வண்டிவரை சுமந்து சென்று கொடுத்தான்.

ஒன்பது இரவும் அவன் நின்றான். விளக்குகள் வரிசையாய் ஒளிரும் கூடத்தில், தூணோடு தூணாய், வலக்கை முன்நீட்டி, அலகு மேல்நோக்க. வந்தவர் குனிந்து வரிகளை வியந்தனர், "கொஞ்சம் தூக்குப்பா" என்றனர், தூக்கினான். தாங்கியவன் முகத்தை நோக்கியவர் எவருமிலர். தோள் மரத்தது, விரல்கள் வீங்கின, ஆயினும் பிடி அவன் உள்ளங்கையில் உயிர்ப்போடு கிடந்தது. தொடலாகாது என்றிருந்ததைத் தன்னையன்றி வேறெவரும் பற்ற இயலாது என்னும் நினைவே அவனுக்கு உணவாயிற்று.

இறுதி இரவில் ஊர்ப் பெண்டிர் கூட்டத்தினிடையே நாகமணி நிற்கக் கண்டான். கணவனின் மானக்கேட்டிற்கு ஆறுதல் சொல்லும் சொற்களையெல்லாம் வழிநெடுக அடுக்கிக்கொண்டு வந்தவள் அவள். அவன் முகத்தில் மானக்கேட்டைக் காணவில்லை, களிப்பைக் கண்டாள். களிப்பிற்குச் சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. அவள் காண வேண்டுமென்று எவரும் கேளாமலே அவன் கத்தியை இன்னும் உயர்த்தினான். அவள் தலை தாழ்த்தி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வெளியேறினாள்.

அலகின் ஒளி அவள் கண்ணைக் கூசச் செய்தது போலும் என்று எண்ணி, அவன் முறுவலித்தான்.