ராஜாவின் மூக்கு

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் என் மாமியார் கெங்கம்மாவின் கையைக் கடித்து வைத்திருப்பேன். கடிக்கவில்லை. நான் அவளுக்குக் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

சண்டை ஏழு தங்கக் காசுக்கு. என் கல்யாணத்துக்கு எங்கள் நைனா போட்ட காசு. பெண் பார்க்க வந்த அன்றே கெங்கம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். மூத்த மருமகள் பட்டம்மாள் ஏழு காசோடு வந்தாளாம், இளையவளும் ஏழு காசோடுதான் வாசல் மிதிக்க வேண்டுமாம். பட்டம்மாளின் அப்பா கப்பல் சரக்கு இறக்கும் கூலிகளுக்கு மேஸ்திரி, அவருக்கு அது கைச்செலவு. எங்கள் நைனாவிடம் இருந்தது ஒரு கட்டுமரமும் ஒரு வலையும். இரண்டையும் விற்றார்.

காசுகளை ஈரத் துண்டில் முடிந்துகொண்டு வந்து என் மடியில் கொட்டினார். ஒரு பக்கம் தாடி வைத்த ராஜா தலை, மறுபக்கம் குதிரைக்காரன். "எவனும் செலவு பண்ணாத காசும்மா, சேட்டு பைக்குள்ளயே கெடந்துதாம்" என்று பெருமையாகச் சொன்னார். வெயிலில் திருப்பிப் பார்த்தால் வெளிச்சம் காசைச் சுற்றி ஓடியது. அதற்கப்புறம் அடுத்தவன் கட்டுமரத்தில் கூலிக்குப் போனார். இரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம் கடலுக்குப் போனவர் கரைக்கு வரவில்லை.

கல்யாணமாகி மூன்றாம் நாள் கெங்கம்மா என் கழுத்திலிருந்து காசுச் சரத்தைக் கழற்றினாள். "மீன் விக்கப் போறவளுக்கு இது இன்னாத்துக்குடி? பொட்டில இருந்தா பத்திரம்" என்றாள். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பட்டம்மாள் மீன் விற்கப் போகிறவள் இல்லை. அவள் புருஷன் கருணாகரனுக்குத் துறைமுகத்தில் மாதச் சம்பளம். அதனால் அவள் சரம் அவள் கழுத்திலேயே கிடந்தது, தூங்கும்போதுகூட.

திருவிழாவுக்காவது ஒரு நாள் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். கூட்டத்தில் எவனாவது அறுத்துக்கொண்டு ஓடிவிடுவான் என்றாள். பட்டம்மாள் கழுத்தை மட்டும் எந்தத் திருடனும் தொட மாட்டான் போலிருக்கிறது! என் புருஷன் பொன்னுரங்கத்திடம் சொன்னால், "அம்மா சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்பான். கடலில் எந்த அலைக்கும் பயப்படாதவன், வீட்டுக்குள் அம்மா செருமினால் எழுந்து நிற்பான்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. எங்கள் காசிமேட்டில் நாய்கள் மட்டும் மிச்சம். கெங்கம்மா பட்டம்மாளின் கழுத்துச் சரத்தையும் பெட்டியில் இருந்த என் சரத்தையும் ஒரே கலயத்தில் போட்டு வாயைக் கட்டி அடுப்புக்கு அடியில் புதைத்தாள். எல்லோரும் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டோம். குண்டும் விழவில்லை, ஜப்பான்காரனும் வரவில்லை. ஆடியில் திரும்பி வந்து தோண்டினோம்.

கடற்கரை மண்ணில் நாலடி தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். கலயம் முழுக்கத் தண்ணீர். நூல் இரண்டும் இற்றுப்போய்க் காசெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. நூல் கோக்கக் காசில் வைத்த வளையமும் அடையாளம் சொல்லாது, இரண்டு சரத்துக்கும் ஒரே பத்தர்தான் வளையம் ஊதி ஒட்டியவர். கெங்கம்மா எல்லாவற்றையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி முறத்தில் பரப்பினாள்.

பார்த்த உடனே தெரிந்தது. ஏழு காசு ஒரு ஜாதி, ஏழு காசு வேறு ஜாதி. ஏழில் ராஜாவின் தாடி மயிர் மயிராக நின்றது. மற்ற ஏழும் மங்கிச் சப்பையாக இருந்தன. நான் உட்காருவதற்குள் பட்டம்மாள் நல்ல ஏழையும் தன் பக்கம் வாரிக்கொண்டாள்.

"இது என்னுது."

"அக்கா, அது எங்க நைனா போட்டது."

"உன்னுது அதோ கீது பாரு" என்று மங்கல் காசைக் காட்டினாள்.

நான் போட்ட கூச்சலில் தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய் வளையம் வைத்த சுப்பராயப் பத்தரையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். கெங்கம்மா அவருக்கு மனை போட்டு உட்கார வைத்துவிட்டு, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி நியாயம் பேச ஆரம்பித்தாள்.

"தங்கம்னா ஒடம்புல கெடக்கணும். ஒடம்புச் சூடு பட்டாத்தான் மின்னும். மூத்தவ ஒரு நாளு கழட்டுனது கெடையாது. இவளுது வந்த நாளா இருட்டுப் பொட்டிக்குள்ள கெடந்துச்சு. மங்காம இன்னா பண்ணும்?"

கூட்டத்தில் நாலு கிழவிகள் தலையை ஆட்டினார்கள். என்னை ஒரு நாள் போட விடாமல் பூட்டி வைத்தவள் இவள். அந்தப் பூட்டையே சாட்சியாக வைத்து என் காசை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்கிறாள்!

பட்டம்மாளுக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. "சொம்மா போட்டுகினு திரிஞ்சா மட்டும் மின்னுமா? வெள்ளிக்கெழம தவறாம புளியும் சாம்பலும் வெச்சி அழுத்தித் தேய்ப்பேன். கைய எரிச்சல் புடுங்கும். இவளுக்கு அதெல்லாம் எங்க தெரியும்" என்றாள்.

பத்தர் தொண்டையைக் கனைத்தார். கெங்கம்மா அவருக்கு வருஷத்துக்கு இரண்டு வேலையாவது கொடுப்பவள். "கெங்கம்மா சொல்றதுல நாயம் கீது. பூட்டி வெச்ச நகை கொஞ்சம் மங்கத்தான் செய்யும்" என்று இழுத்தார்.

பொன்னுரங்கம் என் காதருகே வந்தான். "தங்கம் தங்கந்தானே குணா. எது வந்தா இன்னா? கம்முனு எட்த்துக்க. ஊரே பாக்குது" என்றான்.

ஊர் பார்ப்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் நைனாவின் கட்டுமரம் முறத்தில் கிடந்து கைமாறுவது அவனுக்கு ஒன்றுமே இல்லை. நான் அவனைத் தள்ளிவிட்டு மங்கல் காசு ஒன்றை எடுத்தேன். மங்கல் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், அது என்ன மங்கல் என்று முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலால் தடவினேன். ராஜாவின் கன்னம் தட்டையாக வழுக்கிக்கொண்டு போனது. காதைக் காணோம். மூக்கு இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது. திருப்பினால் குதிரைக்குக் கால் இல்லை.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"பத்தரே, இப்டி வா. இந்தா புடி. இந்த ராஜாவுக்கு மூக்கு எங்க?"

"இன்னாம்மா?"

"மூக்கு எங்கன்னு கேக்கறேன். மங்குனா நெறந்தானே மங்கும்? மூக்கு எங்க பூட்ச்சு? பொட்டி தின்னுட்ச்சா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்தர் சிரிக்கவில்லை. அவருக்கும் தன் தொழில் மானம் என்று ஒன்று இருந்ததே. பட்டம்மாள் முன்னால் இருந்து ஒரு காசை எடுத்தார், என் கையில் இருந்ததையும் வாங்கினார். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்து, கையை மெள்ளச் சாய்த்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நல்ல காசில் வெளிச்சம் ராஜா தலையைச் சுற்றி ஓடியது, எங்கள் நைனா காட்டிய அன்று ஓடிய மாதிரியே. மற்றதில் வெளிச்சம் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது.

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றார். "இது மங்கல் இல்ல, தேய்மானம். மேடா இருக்கற எடமெல்லாம் ஒராஞ்சி போயிருக்குது. அந்தக் காசுல அச்சடிச்ச மெருகே இன்னும் போவல. பள்ளத்துலயும் கீது, மேட்டுலயும் கீது. கையே படாத காசு அது."

"உப்புத் தண்ணில கெடந்துச்சே பத்தரே, அதனால இருக்கும்" என்றாள் கெங்கம்மா.

"உப்புத் தண்ணி தங்கத்த ஒண்ணும் பண்ணாது. அப்டியே பண்ணாலும் ஒரே கலயம், ஏழ வுட்டுட்டு ஏழ மட்டும் திங்குமா?"

நான் பட்டம்மாள் பக்கம் திரும்பினேன். "அக்கா, இப்பதானே சொன்ன, புளியும் சாம்பலும் வெச்சி அழுத்தித் தேய்ப்பேன்னு? எதத் தேய்ச்ச? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ராஜா மூக்கத் தேய்ச்சி சாம்பலோட ஊத்திட்டு, இப்ப என்னுதுல மூக்கு தேடறியா?"

பட்டம்மாள் முந்தானையை இழுத்து வெறுங்கழுத்தை மூடிக்கொண்டாள். கருணாகரன் கூட்டத்தை விட்டு நகர்ந்து கடல் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

எனக்கு நிறுத்த முடியவில்லை. தெருவைப் பார்த்துக் கத்தினேன். "இத்தினி பேரு கீறீங்களே. ஆறு வருசம் இந்த வூட்ல குப்பை கொட்டிக் கீறேன். ஒரு கல்யாணம், ஒரு தேரு, ஒரு சாவு, எதுலயாவது என் கழுத்துல காசு பாத்தவங்க யாராவது கீறீங்களா? இருந்தா முன்னால வாங்க."

ஒருவரும் வரவில்லை. கிழவிகள் தரையைப் பார்த்தார்கள். பொன்னுரங்கமும் தரையைப் பார்த்தான்.

"பாக்கல இல்ல? அப்ப எந்தக் காசு எந்தக் கழுத்துலயும் படலியோ அதான் என்னுது."

பத்தர் எழுந்து நல்ல காசு ஏழையும் எடுத்து என் கையில் வைத்தார். மனையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

ஜெயித்துவிட்டேன். நெஞ்சு குளிரவில்லை. எங்கள் நைனா போட்ட நகையை நான் ஒரு நாளும் அனுபவிக்கவில்லை என்பதைத் தெருவில் நின்று கூவி, அதை வைத்து என் பொருளை நான் வாங்க வேண்டியிருந்தது. இதற்கு ஒரு பத்தர், ஒரு கூட்டம்.

கூட்டம் கலைந்தது. கெங்கம்மா ஒன்றும் நடக்காத மாதிரி முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"சரி, உன்னுதுதான். யாரு இல்லன்னா? குடு, வெக்கறேன்."

நான் பொன்னுரங்கத்தைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தேன். திறந்தான்.

"அதான் உன்னுதுன்னு ஆயிட்ச்சே. அம்மாகிட்ட குட்த்துடு குணா. பத்திரமா இருக்கும்."

வலை பின்னுகிற நூல்கண்டு ஆணியில் தொங்கியது. நான் ஒரு முழம் அறுத்தேன். அங்கேயே நின்று ஏழு காசையும் ஒவ்வொன்றாகக் கோத்தேன். கழுத்தில் போட்டுப் பிடரியில் மூன்று முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்க முடியாததால் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு, "இறுக்கு" என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். "இறுக்குடா!" என்று கத்தினேன். இறுக்கினான்.

மீன் கூடையை எடுத்துத் தலையில் வைத்தேன்.

"ஏய், வேர்வையும் மீன் தண்ணியும் பட்டு அத்தினியும் தேஞ்சி பூடும்டி!" என்று கெங்கம்மா அலறினாள்.

"தேயட்டும் அத்தே" என்றேன். "மூக்கு, காது, குதிர காலு, ஒண்ணு விடாம தேயட்டும். என் கழுத்துல தேயட்டும்."