கற்பூரம் அடித்துக் கொடுத்த நாற்காலி

...உட்கார வைக்கத் தெரிந்தது, எழுப்புவது எப்படி என்று மட்டும் அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள், தெருவே இந்த ரேணுகாம்பாள் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து, உயிர் உள்ளவரைக்கும் நெசவுச் சங்கத்துக்குச் சக்கரவர்த்திதான் தலைவர் என்று சத்தியம் செய்தது, நானும்தான் அடித்தேன், என் புருஷனாயிற்றே, உள்ளங்கை சுட்டது, அப்போது பெருமையாக இருந்தது... இப்போது அதே தெரு அதே கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்க்கிறது. ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? தறிக்கு ஒரு கை தூக்கலாம் என்றார்கள், இரண்டாவது தறி என் பேரில் இருக்கிறது, அதனால் எனக்கும் ஒரு கை, அது ஒரு குற்றமா?

சம்பந்தம் எழுந்து பேசுகிறான், இவருக்குக் கூடப்பிறக்காத தம்பி, எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். "அண்ணன் நல்ல மனுசன்தான், யாரு இல்லன்னது? ஆனா கண்ணு தெரியலியே. ரெண்டு சாயத்து நூலை ஒண்ணுன்னு சொல்லிக் குடுத்துட்டாரு. சேலையில பாதி ஒரு சிவப்பு, பாதி வேற சிவப்பு. தெருவுல எல்லா தறியும் தூங்கிகினு கீது." பொய்யா சொல்கிறான்? நூலை வெயிலில் பிடித்துப் பார்த்துக் கொடுப்பதுதான் தலைவர் வேலை, வீட்டுக்குள் ஒன்றாகத் தெரிகிற சிவப்பு வெயிலில் இரண்டாகிவிடும், கண் மங்கியதிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டுக் காதோடு கேட்பார், அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை, என்ன வீம்போ... வியாபாரி எல்லாச் சேலையையும் திருப்பிவிட்டான், பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் ஒரு வேளைதான் உலை வைக்கிறாள், என் கண்ணை நேராகப் பார்ப்பதே இல்லை. ஆனால் நேற்று இவர் சொன்னாரே, "தலைவரு இல்லன்னா நானு வெறும் குருடன்டி, பொன்னி." தண்ணீர்ச் சொம்பைக் கைக்குக் கிட்டே நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

போன வருஷம் டெல்லிக்கு ஓட்டுப் போட்டபோது மறைப்புக்குப் பின்னால் நின்று முத்திரை குத்தினோம், யாருக்கு என்று இவரிடம்கூட நான் சொல்லவில்லை, அவ்வளவு பெரிய நாற்காலியே காலியானது, யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இங்கே மறைப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. "வேற தலைவரு வேணுன்றவங்க கைய தூக்குங்க" என்று சம்பந்தம் கேட்டுவிட்டான், ஒரு கையும் எழவில்லை, கற்பூரப் பயம், நான் தூக்கினால் எல்லாரும் தூக்குவார்கள், அது எனக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும்... இவரோ நாற்காலியில் உட்கார்ந்து தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அங்கே ஆள் இருப்பதாக நினைப்பு, பாவி மனுஷா, அங்கே யாருமில்லை. என் கை எழுகிறது. இவருக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று கண்ணாடி வளையல்களை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், பின்னால் ஒவ்வொரு கையாக எழுகிறது, கிருஷ்ணம்மாள் கைகூட. இவர் சிரிப்பு நின்றது, தூணை விட்டுத் தலை திரும்பியது, நேராக என் பக்கம்... பக்கத்துத் தறியில் நாள் முழுக்க என் வளையலைக் கேட்டுக்கொண்டே நெய்த மனுஷன், அது சத்தம் போடாமல் இருந்தால் மட்டும் தெரியாமலா போகும்?