நாலு கியரும் பின்னாடிதான்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. முப்பது வருஷமும் அவர் இருந்தது பிரேக் செக்‌ஷனில். ஓடுகிற எதையும் நிறுத்தத் தெரியும். நிற்பதை ஓட வைப்பது பக்கத்து செக்‌ஷன்காரர்களின் வேலை. இந்த விவரத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அவருக்குக் கூட்டாளி என் தம்பி. இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டர். வீட்டில் எல்லாரும் அவனைப் பொறி என்றுதான் கூப்பிடுவோம். வேலை அவ்வளவு சுத்தம், அவ்வளவு அழகு. ஒரே குறை, கையில் எதைக் கொடுத்தாலும் ஒட்டிவிடுவான். எதை எதோடு ஒட்டுகிறோம் என்று யோசிப்பதை அடுத்தவர்களுக்கு விட்டுவிடுவான். இந்த இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் ஷெட்டில் ஒரு டிராக்டர் கட்டப்போகிறார்கள் என்று கேட்டபோது அது நகரும் என்றே நான் நம்பவில்லை.

ஆனால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. என் தோட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு தெருவோரம், பள்ளத்தில். பின்னால் மேட்டில் தோட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சரிவுப் பாதை. நான் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன். அந்த நேரம் போக மிச்சமெல்லாம் அந்த மேட்டில்தான். தக்காளி, மிளகாய், பூசணி எல்லாம் நான் எருச் சுமந்து வளர்த்தவை. ஆறு மாதத்துக்கு முன் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அதோடு சரி. தூக்காதே, குனியாதே, தள்ளாதே, தாழ்வாக உட்காராதே. சமையலறை ஜன்னலில் எக்கிப் பார்த்தால் பூசணிக்கொடியின் நுனி மட்டும் தெரியும். தினமும் அந்த நுனியைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்கு வெங்காயம் நல்ல சாக்கு.

மகள் பிசியோதெரபிஸ்ட். அதனால் என் இடுப்பு அவள் சொத்து மாதிரி பேசுவாள்.

"வீட்டைக் குடுத்துட்டு ரெண்டு பேரும் என்னோட வந்துடுங்க. நாலாவது மாடிதான், லிஃப்ட் இருக்கு" என்றாள்.

"நாலாவது மாடியில நான் என்னடி பண்ணுவேன், லிஃப்ட்ல ஏறி ஏறி இறங்கவா?"

சண்டை போட்டேன், அழுதேன், ஒரு வேளை சாப்பிடாமலும் கிடந்தேன். கடைசியில் அவள் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள்.

"அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். பத்து மூட்டை எரு மேல போகணும். நீ தூக்கக் கூடாது. அப்பாவும் சுமக்கக் கூடாது, அவருக்கு மூச்சு வாங்குது. பொறி மாமா முதுகுலயும் ஏத்தக் கூடாது. போச்சுன்னா நீ இங்கயே இரு, நான் வாயே திறக்க மாட்டேன். போகலன்னா பெட்டியைக் கட்டு."

கூலிக்கு ஆள் வைக்கலாமே என்றால், அந்தச் சரிவில் ஒரு தடவை மூட்டை சுமந்தவன் அடுத்த தடவை எங்களைக் கண்டால் தெருவையே மாற்றிக்கொண்டு போகிறான். மகள் கிளம்பிய அன்று சாயங்காலமே மாமனும் மச்சானும் பழைய இரும்புக்கடைக்குப் போனார்கள்.

ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. உயிர்போன தண்ணீர் பம்ப்பின் டீசல் எஞ்சின். நொறுங்கிப்போன ஒரு வேனின் கியர்பாக்ஸ், பின் அச்சு. மூடிப்போன சலூன் ஒன்றின் சுழல் நாற்காலி.

"நாற்காலி எதுக்கு, வர்றவங்களுக்கு முடி வெட்டவா?" என்றேன்.

"ஓட்டுறவன் நாலு பக்கமும் பாக்க வேணாமா?" என்றார் அவர்.

கியர்பாக்ஸைக் கொடுக்கும்போது இரும்புக்கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னாராம்: "ரிவர்ஸ் பல்லு மழுங்கிப்போச்சு, விழாது. முன்னாடி நாலும் சும்மா கும்முனு இருக்கும்." அதற்கு என் வீட்டுக்காரர், "தோட்டத்துல ரிவர்ஸ் எதுக்குய்யா? முன்னாடி போய் ஒரு சுத்து சுத்தி வந்தா ஆச்சு" என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பொறியும் தலையாட்டினான். அவன் எதற்குத்தான் ஆட்டவில்லை?

பிறகு என் வீடு என் வீடாக இல்லை. பழைய ஆயில் பிடிக்க என் கேக் தட்டு போனது. கியர்பாக்ஸுக்குப் போர்த்த என் போர்வை போனது. ஒரு நாள் காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் டங்கு டங்கென்று கோயில்மணி மாதிரி சத்தம். குனியக் கூடாது என்பதால் கண்ணாடியில் பார்த்தேன். வாக்கரின் நாலு கால்களிலும் ரப்பர் இல்லை.

"எஞ்சின் ரொம்ப அதிருதுக்கா" என்றான் பொறி. "அதுக்கு அடியில வெச்சேன். அளவெடுத்த மாதிரி பொருந்திடுச்சு."

"நான் அதிர்ந்தா பரவாயில்லையா?"

பல்லைக் காட்டினான். இடுப்பு மட்டும் சரியாக இருந்திருந்தால் அன்றைக்கு அவனை ஷெட்டைச் சுற்றித் துரத்தியிருப்பேன்.

பெரிய கூத்து ஒரு புதன்கிழமை நடந்தது. வீட்டுக்காரர் தான் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட பென்ஷன் ஆபீசுக்குப் போயிருந்தார். பின் அச்சு ஷெட்டில் தரையில் கிடந்தது. அதைச் சட்டத்தோடு பூட்ட மேல்பக்கம் நாலு இரும்புக் காதுகள் ஒட்ட வேண்டும். பொறி போனான், எந்தப் பக்கம் மேலே தெரிந்ததோ அந்தப் பக்கம் நாலையும் ஒட்டினான். அச்சு குப்புறக் கிடந்தது அவன் கண்ணில் படவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, குனிந்து, ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். "அடேயப்பா, என்ன கை மாப்ள உன் கை! பூத் தொடுத்த மாதிரில்ல இருக்கு!"

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சின் ஆயில் மூடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிடங்கில் என் வண்டிக்கு நானே ஆயில் பார்த்தவள். ஆயில் மூடி தரையைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க, அந்த மூடி மேல இருக்க வேணாமா?"

"உள்ள இருக்கிறது பல்லுச் சக்கரம். எப்படி வெச்சாலும் சுத்தும். உனக்கு ஒண்ணும் தெரியாது, போய் உக்காரு."

சுற்றும் என்பது சரிதான். எந்தப் பக்கம் சுற்றும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கோபத்தில் உள்ளே போய்விட்டேன்.

அதற்கடுத்த வாரம் வண்டி ஒரு உருவத்துக்கு வந்தது. முன்னால் எஞ்சின், நடுவில் சலூன் நாற்காலி, பின் சக்கரங்களுக்கு மேலே மூட்டை அடுக்கத் தகரத் தட்டு. ஏறுவதற்குப் பொறி பூவும் கொடியும் வளைத்து ஒரு படி வைத்திருந்தான், பங்களா கேட் மாதிரி. பிரேக்கை மட்டும் வீட்டுக்காரர் யாரையும் தொட விடவில்லை. நாலு நாள் தனியாக உட்கார்ந்து செய்தார். காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. கைப்பிரேக்குக்குப் பஸ்ஸிலிருந்து கழற்றிய நீளமான பிடி.

"நான் ஓட்டுறேனே" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். "அக்கா, இது டிராக்டர்க்கா. உன் மூட்டை தூக்குற மெஷின் இல்ல. மாமா ஓட்டுவாரு, நான் ஏத்தி இறக்குவேன், நீ ஜன்னல்ல நின்னு பாரு."

எனக்குச் சுரீரென்றது. என் தோட்டத்துக்கு என் எரு போகிறது, நான் ஜன்னலில் நிற்க வேண்டுமாம்.

சனிக்கிழமை மதியம் வெள்ளோட்டம். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. பொறி கைதட்டினான். வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாக முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி பின்னால் பாய்ந்தது. ஷெட்டுச் சுவரில் இருந்த அலமாரியை இடித்ததில், நட்டும் போல்ட்டும் நிரப்பிய பெயின்ட் டப்பாக்கள் மழையாகக் கொட்டின. ஆனால் வண்டி சுவரைத் தொடவில்லை. பிரேக் அப்படி.

"ரிவர்ஸ்ல போட்டுட்டேன் போல" என்று அசடு வழிந்தார்.

இரண்டாவது கியர். பின்னால். மூன்றாவது, நாலாவது, எல்லாமே பின்னால். கடைசியாக ரிவர்ஸைப் போட்டார், அதுவாவது முன்னால் போகும் என்று. கரகரவென்று அரைத்தது, அசையவில்லை. அதன் பல்தான் மழுங்கிப்போயிற்றே.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அச்சைக் குப்புறப் போட்டால் எஞ்சின் பழையபடியேதான் சுற்றும், சக்கரம் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னால் போக இருந்த ஒரே வழி, வேண்டவே வேண்டாம் என்று அவர் வாங்கி வந்த ரிவர்ஸ்.

"நீ ஏன்டா குப்புற ஒட்டினே?"

"நீங்கதானே மாமா பூத் தொடுத்த மாதிரி இருக்குன்னீங்க!"

அறுத்துத் திருப்பி ஒட்ட இரண்டு நாளாவது வேண்டும். மறுநாள் ஞாயிறு. அவர்கள் ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்க, நான் உள்ளே போய்ச் சமையலறை ஜன்னலருகே நின்றேன். உரிக்க வெங்காயம்கூட இல்லை. சும்மாவே அழுதேன்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். பத்து மூட்டை எரு தட்டில் ஏறியிருந்தது. "பின்னாடியே ஓட்டிக்கிட்டு மேல போயிடறேன், என்ன இப்போ?" என்று வீட்டுக்காரர் கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தபடி கிளம்பினார். நாலு அடி போவதற்குள் வண்டி குறுக்கே நின்றது. நேராக்கப் போய் வேலிக்குள் விட்டார். அடுத்து பொறி ஏறினான். அவன் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி வேறு எங்கோ போனது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோபமில்லை, பரிதாபமாகப் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"போதும்ப்பா. யாராவது கீழ விழுந்து கைகாலை ஒடிச்சுக்கப் போறீங்க. அம்மா, உள்ள வா, பெட்டியை எடுத்து வைக்கலாம்."

நான் வண்டியைப் பார்த்தேன். இப்படிப் போகும்போது சுமை முன்னால், ஆள் நடுவில், திருப்புகிற சக்கரம் கடைசியில். இருபத்திரண்டு வருஷம் கிடங்கில் நான் வேறு எதை ஓட்டினேன்?

டங்கு டங்கென்று வாக்கரோடு நடந்துபோய் அந்தப் பூப்படியில் இடது காலை வைத்தேன். "அம்மா!" என்று மகள் ஓடிவந்தாள். "இடுப்பை முறுக்கக் கூடாதும்மா, திரும்பிப் பாக்கக் கூடாது!"

"நான் எங்கடி முறுக்கறேன்?" சலூன் நாற்காலியின் பூட்டை விடுவித்துக் கால்வாசி திருப்பிக்கொண்டேன். கிளட்சு இடது காலுக்கு எட்டியது. உயரமும் டாக்டர் சொன்ன உயரம்தான். ஒரு கை ஸ்டீயரிங்கில், கண் மூட்டைகளுக்கு மேலே பாதையில்.

"ஏய், பிடிவாதம் பண்ணாதே, இறங்கு" என்றார் அவர்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளி நில்லுங்க."

முதல் கியர். வேலியிலிருந்து வெளியே எடுத்தேன். கடைசியில் இருக்கிற சக்கரத்தை எப்படி எதிர்ப்பக்கம் வீச வேண்டும் என்று கை மறக்கவே இல்லை. மூட்டைத் தட்டைச் சரிவுப் பக்கம் திருப்பி நேராக விட்டேன். எஞ்சின் உறுமியது, என் வாக்கர் ரப்பர்கள் பொறுத்துக்கொண்டன. பத்து மூட்டையும் எனக்கு முன்னால் அலுங்காமல் ஏறின. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் எழுந்து நின்றார்.

மேலே போய் நிறுத்தினேன். ஆறு மாதம் கழித்துத் தோட்டத்தை முழுசாகப் பார்க்கிறேன். களை இடுப்பளவு. தக்காளி மொத்தமும் காய்ந்து சாம்பல். பூசணி மட்டும் யாரையும் கேட்காமல் ஏழெட்டு காய்த்துத் தள்ளியிருந்தது. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை. அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே அதைச் சொன்னேன்.

பின்னாலேயே ஓடிவந்த பொறி மூட்டைகளை இறக்கினான். அப்புறம்தான் ஒன்று தோன்றியது. ஏறியாயிற்று, இறங்குவது எப்படி? முன்னால் போகத்தான் கியரே இல்லையே.

வீட்டுக்காரர் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். வண்டியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் பெருமையடிப்பு இல்லாத ஒரு பெருமை தெரிந்தது.

"நியூட்ரல்ல போட்டு விட்டுடு. தானா உருளும். கைப்பிரேக்கைப் பிடிச்சு விட்டு விட்டு இறக்கு. என் பிரேக் பிடிக்கும்."

நாற்காலியை நேராகத் திருப்பி அப்படியே செய்தேன். வழி முழுக்க அந்த நீளப் பிடி நான் சொன்னபடி கேட்டது. கண்ணை மூடிக்கொண்டே இறங்கியிருக்கலாம்.

 கீழே மகள் என் இடுப்பைப் பார்த்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். பெட்டியைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரர் கை துடைத்துக்கொண்டே, "நாளைக்கு அந்தக் காதை எல்லாம் அறுத்து அச்சைச் சரியா திருப்பிடலாம் மாப்ள. ரெண்டு நாள் வேலை" என்றார். பொறி தலையாட்டினான்.

"கையை வெச்சுப் பாருங்க" என்றேன். "திருப்பினீங்கன்னா நீங்க ஓட்டுவீங்க, நான் ஜன்னல்ல நிப்பேன். இப்படியே இருந்தா என்னால மட்டும்தான் ஓட்ட முடியும். இப்படியே இருக்கட்டும்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் பொறியின் இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்துத் தன் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினாள்.