ஹாவுக்குப் பதில் பே

ஹார்ட்மூட் பிளம்ஸ் கேக்கோடு வந்ததே ஃபோல்க்மாருக்குப் பிடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வருடமாக முகத்தில் விழிக்காதவன், இன்றைக்கு டோர்ட்முண்டுக்கு ரயிலேறி வந்து கேக்கை நீட்டினால் என்ன அர்த்தம்? காரியம் இல்லாமல் கையை நீட்டுகிற ஆளா அவன்!

"எடுத்துக்கோடா ஃபோல்க்கெ. என் கையால செஞ்சது."

"நீங்களே சாப்பிடுங்க."

ஒரே வேனில் நாடு முழுக்க உருண்டு, ஒரே போர்வைக்குள் குளிர் காய்ந்தவர்களுக்குள் 'நீங்க' என்றால் அது மரியாதையா? கன்னத்தில் விடுகிற அறை. ஹார்ட்மூட் கேக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பழைய இசைப்பதிவுகளைத் தேடிப்பிடித்து வெளியிடும் ஃபிரௌகெ என்ற பெண்மணிதான் இருவரையும் வரவழைத்திருந்தார். ஒரு ஸ்டுடியோவை இடித்தபோது நிலவறையில் கிடைத்ததாம் அந்த டேப் பெட்டி. 1973-இல் இவர்களுடைய கூப்ஃபர்வால்ட் குழு பதிவு செய்து, வெளிவராமலே போன இருபத்துமூன்று நிமிடப் பாட்டு.

"உங்க முன்னாலதான் திறக்கணும்னு வச்சிருக்கேன்," என்றார் ஃபிரௌகெ. "ஏன் அப்ப வெளிவரலைன்னு இசைத்தட்டு அட்டையில எழுதணும். நீங்கதான் சொல்லணும்."

"இதோ உக்காந்திருக்காரே, இவர் வேணும்னே கெடுத்தாரு. அப்படியே எழுதுங்க," என்றார் ஃபோல்க்மார். அதை அச்சில் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

பாட்டை எழுதியவர் அவர். ஆர்கன் வாசித்தவரும் அவர். முதல் இரண்டு நாள் அவர் காய்ச்சலில் கிடக்க, டிரம்ஸும் ஹார்ட்மூட்டின் பாஸ் கிட்டாரும் பதிவாயின. மூன்றாம் நாள் ஆர்கனை அதன்மேல் சேர்த்தால் ஒரே நாராசம்! பாட்டு நிற்பதே ஹா என்ற சுரத்தில்; ஜெர்மன் முறையில் அதை H என்று எழுதுவார்கள். இவனோ அந்த இடத்திலெல்லாம் அரைச்சுரம் கீழே இறங்கி, B என்று எழுதும் பே சுரத்தை வாசித்து வைத்திருந்தான். ஒரு தடவை என்றால் தவறு எனலாம். இருபத்துமூன்று நிமிடமும் ஒருவன் தவறுவானா? ஹாம்பர்க் குழு ஒன்று அவனைக் கூப்பிட்டதாக அப்போதே காதில் விழுந்தது. நாலாம் நாள் ஸ்டுடியோ கிடைக்கவில்லை, குழுவும் கலைந்தது.

"நீ எழுதிக்கொடுத்த தாள்ல இருந்ததைத்தான் வாசிச்சேன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றார் ஹார்ட்மூட் தணிந்த குரலில்.

"நான் எழுதினது ஹா. என் பாட்டை நானே தப்பா எழுதுவேனா? சரி, அந்தத் தாளை எங்க ஒளிச்சீங்க?"

ஃபிரௌகெ பெட்டியைத் திறந்தார். டேப் சுருளுக்கு அடியில் ஒரு மடித்த தாள். ஒலிப்பதிவாளர் போட்டு மூடியிருக்க வேண்டும். ஹார்ட்மூட்டின் கை முந்திக்கொண்டு போயிற்று.

"தொடாதீங்க! ஆளு எதுக்கு வந்தாருன்னு இப்பத் தெரியுதா?" ஃபோல்க்மார் அதைப் பறித்துப் பிரித்தார்.

அவருடைய கையெழுத்துதான். வரிக்கு வரி, கட்டத்துக்குக் கட்டம், பே.

அந்தப் பதிவுக்கு முன்னால் ஏழு மாதம் லண்டனில் வாசித்துவிட்டு வந்திருந்தார். அங்கே நம் ஹாவை இந்த B என்ற எழுத்தால்தான் குறிப்பார்கள். பழகிய கை, ஊர் திரும்பியும் அப்படியே எழுதித் தொலைத்திருக்கிறது. ஹார்ட்மூட்டோ தேவாலயத்தில் டிராம்போன் ஊதி வளர்ந்தவன், லண்டனைக் கண்ணால் பார்க்காதவன். எழுதியிருப்பது பே என்றால் பேதான் வாசிப்பான். இந்த நாட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் வாசிப்பார்கள்.

தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. சீ, இந்த வயதில் இப்படி ஒரு புத்தி!

"என்னடா போட்டிருக்கு? ஹாவா?" ஹார்ட்மூட் எட்டிப் பார்த்தார்.

"பே. நீ வாசிச்சது சரி. லண்டன் பழக்கத்துல நான்தான்..." தாளை நீட்டினார்.

ஹார்ட்மூட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். திட்டப்போகிறான், திட்டட்டும் என்று தலைகுனிந்து காத்திருந்தார் ஃபோல்க்மார்.

"ஹாம்பர்க்காரங்க கூப்பிட்டது நெசந்தான்," என்றார் ஹார்ட்மூட். "போகல. நீ அவ்வளவு அடிச்சுச் சொன்னியா, என் கண்ணுதான் தப்பாப் படிச்சிருச்சுன்னு நானே நம்பிட்டேன். இன்னொருத்தன் பாட்டையும் கெடுத்துடக் கூடாதுன்னு அந்த வாரமே கிட்டாரை வித்துட்டேன். அப்புறம் தொடவே இல்லடா."